ரேடியேட்டர் இருக்கும் வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் தரைச்சூடு: எந்த கன்ட்ரோல் வாங்குவது?

லண்டன் பக்கம் வீட்டின் பின்புறத்தை இழுத்துக் கட்டி சமையலறையைப் பெரிதாக்கும்போது, புதுத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். மற்ற அறைகளில் பழைய ரேடியேட்டர்கள் அப்படியே இருக்கும். உடனே எல்லோரும் தேடுவது, அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் அது கடைசியில் வாங்க வேண்டிய சாமான். அதற்கு முன் மூன்று சூடுகளைத் தனித்தனியாக யோசிக்க வேண்டும்: குழாயில் ஓடும் தண்ணீரின் சூடு, தரையின் சூடு, அறையின் சூடு. இவை போக, தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரை எரியச் சொல்ல ஒரு வயர்.

படி 1: தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள்

ரேடியேட்டருக்குப் பாய்லர் பெரும்பாலும் 60 முதல் 75 டிகிரி வரை அனுப்பும். சிமென்ட் ஸ்கிரீடில் (குழாய்களின் மேல் ஊற்றும் தளக் கலவை) பதித்த குழாய்க்கு 35 முதல் 45 டிகிரி போதும். அதனால் மேனிஃபோல்டோடு (தரைக் குழாய்கள் எல்லாம் வந்து சேரும் இணைப்பு) ஒரு மிக்ஸிங் வால்வும் தனி பம்பும் வேண்டும். தரையைச் சுற்றி ஆறித் திரும்பும் தண்ணீரில் கொஞ்சம் சுடுநீரைக் கலந்து, திரும்பவும் தரைக்கே அனுப்புவது இவற்றின் வேலை. மூன்றும் ஒரே செட்டாகக் கிடைக்கும். வால்வு என்றாவது சிக்கிக்கொண்டால் பம்பை நிறுத்திவிடும் ஹை லிமிட் ஸ்டாட் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும் தண்ணீரின் சூட்டை மட்டும் பார்த்துத் திறந்து மூடும் சின்ன வால்வும் விற்கிறது. விலை குறைவு, பம்ப் வேண்டாம். ஆனால் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரேடியேட்டர் ஓடும் நேரத்தில்தான் தரையும் சூடாகும். குளியலறை டைல்ஸ் காலில் சில்லென்று படாமல் இருந்தால் போதும் என்றால் சரி. நாள் முழுக்கப் புழங்கும் சமையலறைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

படி 2: தரைக்கு ஒரு உச்சவரம்பு

ஆட்கள் உட்கார்ந்து புழங்கும் அறையில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. மரத்தரை என்றால் பொதுவாக 27. இதைக் கவனிப்பது தரை சென்சார்: ஒரு மெல்லிய வயர், நுனியில் சிறு குமிழ். இரண்டு குழாய்களுக்கு நடுவில் ஒரு பைப்பைப் பதித்து, அதன் வாயை நன்றாக அடைத்துவிட்டு, அதற்குள் சென்சாரை விடுங்கள். பின்னால் பழுதானால் உருவி மாற்றலாம். ஸ்கிரீட் ஊற்றிய பிறகு இதற்கு வழியே இல்லை. டைல்ஸ் போடுகிறவர்களும் இந்த பைப்பை மட்டுமாவது வைத்துவிடுங்கள்.

படி 3: பாய்லருக்குப் போகும் வயர்

எங்கள் வீட்டில் சிக்கல் வந்தது இங்கேதான். ஹாலில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்தான் பாய்லரை இயக்கிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர் சமையலறை தெர்மோஸ்டாட்டைத் தரை பம்போடு மட்டும் இணைத்துவிட்டுப் போய்விட்டார். ஹால் 20 டிகிரியைத் தொட்டதும் பாய்லர் அணைந்துவிடும். சமையலறைத் தரையோ சில்லென்று கிடக்கும். ஒருநாள் மேனிஃபோல்டின் முன் முட்டி போட்டு, பாய்லரிலிருந்து வரும் செப்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பம்ப் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது, குழாய் சுத்தமாகக் குளிர்ந்திருந்தது. ஆறிய தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

வழி இதுதான். தரைக்கு ஒன்று, ரேடியேட்டர்களுக்கு ஒன்று என இரண்டு மோட்டார் சோன் வால்வுகள் (அந்தந்தப் பக்கத்துக்குப் போகும் சுடுநீரைத் திறந்து மூடுபவை). எல்லா வயர்களும் வந்து சேர ஒரு வயரிங் சென்டர். சமையலறை தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் மேனிஃபோல்டின் மேல் இருந்து தரைக் குழாய்க்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் மெல்லத் திறக்கும் (சில நிமிடம் பிடிக்கும், பதறாதீர்கள்), பம்ப் ஓடும், சோன் வால்வு திறக்கும். வால்வு திறந்த பிறகே அதற்குள் இருக்கும் சுவிட்ச் பாய்லருக்குத் தகவல் அனுப்பும். பிரிட்டனில் விற்கும் வால்வுகளில் பெரும்பாலும் அந்த வயர் ஆரஞ்சு நிறம். இரண்டு பக்கமும் போதும் என்றால் பாய்லர் அணையும்.

உங்கள் பாய்லரின் தெர்மோஸ்டாட் இணைப்பு 230 வோல்ட்டா, மின்சாரம் வராத வெறும் சுவிட்ச் இணைப்பா என்று வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மாற்றிக் கொடுத்தால் பாய்லரின் போர்டே எரிந்துபோகலாம்.

இன்னொன்று. சூடு வெளியே போகாதபடி நன்றாகக் காப்பிட்ட ஒரு சமையலறைக்கு ஒன்றிரண்டு கிலோவாட் சூடே போதும். பல காம்பி பாய்லர்களால் (ஹீட்டிங்குக்கும் குழாயில் வரும் சுடுநீருக்கும் ஒரே பாய்லர்) அவ்வளவு சிறிதாக எரிய முடியாது. எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கொண்டிருக்கும். தரை சூடாகும் நேரத்தையும் ரேடியேட்டர் நேரத்தையும் முடிந்தவரை ஒன்றாக வையுங்கள்.

படி 4: இப்போது தெர்மோஸ்டாட்

20 சதுர மீட்டர் அறையில் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் குழாய் போட்டால் சுமார் 133 மீட்டர் வரும். 16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் இரண்டு சுற்று, இரண்டு ஆக்சுவேட்டர். ஆனால் அறை ஒன்றுதான், தெர்மோஸ்டாட்டும் ஒன்று போதும். தரை சென்சாரை இணைக்க இடமுள்ளதாகப் பாருங்கள். சுவர் இன்னும் பூசாமல் இருந்தால் வயர் உள்ளது நல்லது; பூசி முடித்துவிட்டால் வயர்லெஸ். அடுப்பும் வெயிலும் படாத சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் மாட்டுங்கள்.

ஸ்கிரீட் தரை சூடேறவும் ஆறவும் மணிக்கணக்காகும். ரேடியேட்டர் மாதிரி அரை மணி நேரத்துக்கு முன் போட்டால் பயனில்லை. இரவில் அணைக்காமல் இரண்டு மூன்று டிகிரி மட்டும் குறையுங்கள். எத்தனை மணி நேரம் முன்னால் தொடங்க வேண்டும் என்று தானே கற்றுக்கொள்ளும் வசதி உள்ள தெர்மோஸ்டாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

படி 5: முதல் சூடு

சிமென்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள் பொறுங்கள். அப்புறம் மிக்ஸிங் வால்வை 25 டிகிரியில் மூன்று நாள் வைத்து, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். மேனிஃபோல்டில் இருக்கும் இரண்டு தெர்மாமீட்டர்களில் போகும் தண்ணீர் 42 காட்டினால், திரும்புவது 35 பக்கம் இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி மேனிஃபோல்டு பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த குளிர்காலத்தில் தரை சூடாகவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.