ட்ராவல் எக்ஸ்ரே டெக் வேலை: முதல் 13 வார கான்ட்ராக்டுக்கு எப்படி ரெடியாகுறது

அமெரிக்காவுல ஒரே ஆஸ்பத்திரியில இருக்காம, பெரும்பாலும் 13 வாரம் 13 வாரமா ஊர் மாத்தி எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியனா வேலை பாக்குறது தான் ட்ராவல் டெக் வேலை. சம்பளம் கொடுக்கிறது ஏஜென்சி, ஆஸ்பத்திரி இல்ல. ஓரியண்டேஷன் பல இடத்துல ஒரு நாள் தான், அடுத்த நாளே தனியா ரூம்ல நிக்கணும், அதனால தான் இதை ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதுறேன்.

ஸ்டெப் 1: ஏஆர்ஆர்டி (எக்ஸ்ரே டெக்குகளுக்கு தேர்வு வெச்சு சான்று தர்ற அமெரிக்க அமைப்பு) சர்டிஃபிகேட் வேணும், அதோட ஒரு வருஷமாவது நிரந்தர வேலையில போர்ட்டபிள் (மெஷினை பேஷன்ட் பெட்டுக்கே கொண்டு போய் எடுக்கிறது), ஓஆர் (ஆபரேஷன் தியேட்டர்), ட்ராமா (விபத்து கேஸ்) எல்லாம் தனியா பாத்திருக்கணும். சில ஏஜென்சி 2 வருஷம் கேக்கும், கேக்குறது நியாயம் தான். லைசென்ஸ் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், கலிஃபோர்னியால ஸ்டேட் சர்டிஃபிகேட் போக ஃப்ளூரோவுக்கு (எக்ஸ்ரேவை நேரலை வீடியோ மாதிரி பாக்குறது) தனி பெர்மிட் வாங்கணும். லைசென்ஸ் வர நாளாகும், முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.

ஸ்டெப் 2: பிஎல்எஸ் (சிபிஆர் மாதிரி உயிர்காக்கும் முதலுதவி பயிற்சி) கார்டு, தடுப்பூசி ரெக்கார்டு, டிபி டெஸ்ட், மாஸ்க் ஃபிட் டெஸ்ட் (மாஸ்க் முகத்துல இடைவெளி இல்லாம பொருந்துதான்னு பாக்குறது) எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போன்ல ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.

ஸ்டெப் 3: கான்ட்ராக்ட். இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. என் முதல் கான்ட்ராக்ட்ல ரெக்ரூட்டர் வாரம் 36 மணி நேரம்னு வாயால சொன்னாரு, நானும் நம்பி சைன் பண்ணிட்டேன், மூணாவது வாரம் கேஸ் கம்மியா இருக்குன்னு ரெண்டு ஷிஃப்ட்டை கட் பண்ணிட்டாங்க, பேப்பர்ல பாத்தா கேரண்டீட் அவர்ஸ், அதாவது கேஸ் இல்லாட்டியும் இத்தனை மணி நேரத்துக்கு சம்பளம் உண்டுன்னு ஒரு வரி கூட இல்ல. வாடகை மட்டும் முழுசா போச்சு. அதனால கேரண்டீட் அவர்ஸ், ஆன்-கால் ரேட், கூப்பிட்டா எத்தனை நிமிஷத்துல வரணும், வேற கேம்பஸுக்கு அனுப்புவாங்களா, நடுவுல கேன்சல் பண்ணா என்ன ஆகும், எல்லாமே எழுத்துல வரணும். வரலைன்னா சைன் பண்ணாதீங்க.

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வர ஸ்டைபண்டுக்கு (சம்பளம் போக தர்ற படி) டாக்ஸ் இல்லன்னு சொல்லுவாங்க. உங்களுக்குன்னு ஒரு டாக்ஸ் ஹோம் (டாக்ஸ் கணக்குல உங்க நிரந்தர இடம்) இருந்து, அங்கயும் செலவு ஓடுனா தான் அது சரி. ஒரே ஏரியாவுல 1 வருஷத்துக்கு மேல வேலை பாப்போம்னு தெரிஞ்சா அந்த சலுகை போயிடும். ஒரு சிபிஏ (ஆடிட்டர்) கிட்ட கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 4: வீட்டை 13 வாரத்துக்கும் மொத்தமா புக் பண்ணாதீங்க. முதல் ரெண்டு வாரம் மட்டும் எடுத்துட்டு, ஏரியாவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்டெப் 5: முதல் நாள். உங்க இனிஷியல் போட்ட எல், ஆர் மார்க்கர் (எக்ஸ்ரே படத்துல இடது, வலதுன்னு காட்டுற சின்ன அடையாளம்) ரெண்டு செட் எடுத்துட்டு போங்க, அடுத்தவங்க மார்க்கரை வெச்சு எடுத்தா படத்துல அவங்க இனிஷியல் தான் இருக்கும், நாளைக்கு ஒரு கேள்வி வந்தா அவங்க கிட்ட தான் போகும். ப்ரோட்டோகால் புக் (எந்த எக்ஸ்ரேவை அங்க எப்படி எடுக்கணும்னு இருக்கிற புக்) எங்கன்னு கேளுங்க. கோனாட் ஷீல்டு (பேஷன்ட்டோட இனப்பெருக்க உறுப்பு மேல கதிர்வீச்சு படாம மறைக்கிற தடுப்பு) பத்தி கட்டாயம் கேளுங்க, வழக்கமா போட வேண்டாம்னு ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) 2019-லயே சொல்லிடுச்சு, ஆனா எல்லா இடத்துலயும் பாலிசி ஒரே மாதிரி இருக்காது. போர்ட்டபிள் டிடெக்டரோட (எக்ஸ்ரே படத்தை பதிவு பண்ற பலகை) ஸ்பேர் பேட்டரி எங்க சார்ஜ் ஆகுதுன்னு கண்ணால பாத்துக்கோங்க.

ஓஆர்ல கேஸ் போட்டிருந்தா சர்ஜன் உள்ள வரதுக்கு முன்னாடி 10 நிமிஷம் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டுற, C வடிவ மெஷின்) கிட்ட போய் நில்லுங்க. பிரேக் எது, ஃபுட் பெடல் எங்க, இமேஜை திருப்புற பட்டன் எதுன்னு கைய வெச்சே பாத்துடுங்க, ஏன்னா மாடலுக்கு மாடல் இடம் மாறும், பேஷன்ட் டேபிள்ல இருக்கும்போது தேடிட்டு நின்னா எல்லாருக்கும் டென்ஷன்.

ஸ்டெப் 6: எட்டாவது வாரம் போல எக்ஸ்டென்ஷன் உண்டான்னு மேனேஜர் கிட்ட கேளுங்க. இல்லன்னா அன்னிக்கே அடுத்த ஊரை தேட ஆரம்பிங்க. கடைசி நாள், நம்ம மேல பட்ட கதிர்வீச்சை அளக்குற பேட்ஜை திருப்பி கொடுக்கும்போது டோஸ் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கோங்க, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனி பேட்ஜ் தர்றதால மொத்த கணக்கை நாம தான் சேத்து வைக்கணும்.