பிருந்தாவனம் போகிறவர்கள் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள்

கோலாலம்பூர்ப் பத்துமலை முருகன் கோயிலில் 272 படி ஏறி இறங்கிய நமக்குக் குரங்கு என்ன புதுசா என்று நானும் நினைத்தேன். பத்துமலைக் குரங்கு வாழைப்பழத்தோடு போய்விடும். மதுராவுக்குப் பக்கத்தில் கண்ணன் விளையாடிய பிருந்தாவனத்துக் குரங்குக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. பறித்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து நம்மையே பார்க்கும்; பழச்சாறு பெட்டி ஒன்றை வீசினால்தான் கண்ணாடி கீழே வரும். என் மனைவியுடையது கம்பி ஒடிந்து வந்தது. சந்துக்குள் நுழையும் முன்பே கழற்றிப் பைக்குள் வையுங்கள். கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் பழைய ஜோடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் கோலாலம்பூரிலிருந்து போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுவல்ல. ஒரே நாள் திட்டம்தான். காலையில் ஆக்ராவில் தாஜ்மகால், டில்லி திரும்பும் வழியில் கண்ணன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் பிருந்தாவனத்தில் இறங்கினால் பெரும்பாலான கோயில்களில் கதவு சாத்தியிருக்கும். அங்கே சாமி குழந்தை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது, எழுப்பக் கூடாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாங்கே பிகாரி கோயிலில் குழப்பம் வராது. நாதசுரமும் தவிலும் கேட்டே தீபாராதனை பார்த்த நம் ஆட்களுக்கு, மணிகூட அடிக்காத கோயில் ஒரு மாதிரியாக இருக்கும். பிள்ளை திடுக்கிட்டுவிடும் என்றுதான் மணியும் சங்கும் இல்லை. விடியற்கால ஆரத்தியும் ஆண்டுக்கு ஒரே முறை, கிருஷ்ண ஜெயந்திக்கு மட்டும். சன்னிதித் திரையைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து மூடுவார்கள். தரிசனம் முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள், மறுபடி திறக்கும். கூட்டம் நெருக்கும், கைக்குழந்தையோடு விழா நாட்களில் போகவே வேண்டாம்.

குறைந்தது மூன்று நாள் வையுங்கள். பிருந்தாவனத்தோடு முடித்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். தவழ்ந்த இடமெல்லாம் யமுனைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது! 108 திவ்ய தேசங்களில் வடமதுரை என்கிற மதுரா ஒன்று, ஆயர்பாடி என்கிற கோகுலம் இன்னொன்று. கோகுலத்துக்குப் பக்கத்தில் மகாவனத்தில் 84 தூண்களோடு நந்தகோபர் வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். மண்ணைத் தின்றுவிட்டு வாயைத் திறந்து யசோதைக்கு உலகத்தைக் காட்டிய இடம் பிரம்மாண்ட காட் என்ற படித்துறை. அங்கே பிரசாதமே மண்தான். ரமண் ரேத்தியில் மணலில் பெரியவர்களே புரளுவார்கள், பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். மதுராவில் பிறப்பு, கோகுலத்தில் தவழல், பிருந்தாவனத்தில் கன்று மேய்ப்பு, ஏழு வயதில் கோவர்த்தனம் என்று வயது வரிசையில் போனால் பிள்ளைகளுக்குக் கதை தானாகவே பிடிபடும்.

ஒரு கோயிலில் எங்களை உட்காரவைத்து, புரியாத இந்தியில் ஏதோ திரும்பச் சொல்லச் சொன்னார்கள். முடிவில்தான் தெரிந்தது, இத்தனை பசுவுக்குத் தீவனம் தருவதாகச் சன்னிதியிலேயே வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று. ரிங்கிட்டில் கணக்குப் போட்டு, போனால் போகிறது என்று நீட்டினேன். அடுத்த இடத்திலும் அதே கதை. எவ்வளவு கொடுப்பது என்பதை அறையிலேயே முடிவு செய்துகொண்டு, அதை உண்டியலில் போடுங்கள். டில்லியில் பணம் மாற்றும்போதே பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள்.

மதுராவில் கண்ணன் பிறந்த இடமான ஜென்மஸ்தானத்துக்குள் கைப்பேசி, கேமரா எதுவும் போகாது. அறையிலேயே விட்டுவிட்டு, வெளியே எங்கே சந்திப்பது என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கோவர்த்தன மலையை வலம்வர ஏறக்குறைய 21 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குப் பத்துமலைவரை வெறுங்காலோடு நடந்த கால்தானே என்று இறங்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே தரை சில்லிட்டுக் கிடக்கும், பனிமூட்டத்தில் விமானமே தாமதமாகும். பாதை இரண்டு சுற்றாகப் பிரிகிறது, ஒரு நாளைக்கு ஒன்று போதும். வயதானவர்களுக்கு மின்ரிக்‌ஷா இருக்கிறது. மலையே கண்ணன் என்பதால் அதன்மேல் கால் வைப்பதில்லை. நினைவுக்கென்று கல் பொறுக்கி வருவதும் கூடாது.

பெட்டியில் நெத்திலி சம்பல் வேண்டாம். பிருந்தாவனத்தில் இறைச்சிக்கும் மதுவுக்கும் தடை, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடே அதிகம். தமிழ் எடுபடாது. வணக்கம், கொஞ்சம் வழி விடுங்க, எல்லாவற்றுக்கும் 'ராதே ராதே' போதும்.

இன்னொன்று. பிருந்தாவனத்தில் ரங்கஜி கோயில் கோபுரத்தைப் பார்த்ததும், நம்மூரில் பார்க்காததா என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தென்னாட்டு முறையில் கட்டியது. உள்ளே ரங்கமன்னாரோடு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். மூன்று நாள் இந்தி கேட்டுக் களைத்த காதோடு அங்கே போய் நின்றபோது என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலமாகப் போங்கள், பகலில் அங்கேயும் கதவு சாத்தியிருக்கும்.