நேருவையும் சாஸ்திரியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவாஹர்லால் நேரு 1947 ஆகஸ்ட் 15 முதல் 1964 மே 27 வரை பிரதமராக இருந்தார். லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜூன் 9 அன்று பதவியேற்று, 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் காலமானார். ஒருவருக்குக் கிட்டத்தட்ட 17 ஆண்டுகள், மற்றவருக்கு 19 மாதங்கள். தேர்வுக் கட்டுரையோ பட்டிமன்றமோ, இந்த இருவரையும் எடைபோடும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. ஒரு முடிவு எப்போது எடுக்கப்பட்டது, எப்போது நடைமுறைக்கு வந்தது, பலன் எப்போது தெரிந்தது என்று மூன்று தேதிகளையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பலன் தெரிந்த நாளில் யார் நாற்காலியில் இருந்தாரோ அவர் கணக்கிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள்.

"1962-இல் தோற்றவர் நேரு, 1965-இல் நின்று காட்டியவர் சாஸ்திரி"

அதிகம் கேட்கும் வரி இது. 1962-இல் எதிரி சீனா, களம் இமயமலை. 1965-இல் எதிரி பாகிஸ்தான், தீர்மானமான சண்டை நடந்தது பஞ்சாப் சமவெளியில். அதைவிட முக்கியம், 1965-இல் போரிட்ட படை எப்போது வளர்ந்தது என்பது. சீனப் போருக்குப் பிறகு நேரு அமைச்சரவையில் ஒய்.பி. சவான் பாதுகாப்பு அமைச்சரானார். புதிய மலைப் படைப்பிரிவுகள் எழுப்பப்பட்டன, தரைப்படையை 8,25,000 பேராக உயர்த்த இலக்கு வைக்கப்பட்டது. அதே சவான்தான் சாஸ்திரி காலத்திலும் பாதுகாப்பு அமைச்சர்.

அப்படியானால் சாஸ்திரிக்கென்று என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 1962-இல் விமானப்படையைத் தாக்குதலுக்கு இறக்கவில்லை. 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் இறக்கினார்கள். செப்டம்பர் 6 அன்று சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் முனையைத் திறந்தார்கள். அந்தத் துணிச்சலான முடிவுக்குப் பொறுப்பு சாஸ்திரியுடையது. ஆனால் இதை எழுதிவிட்டு, போருக்குப் பின் பாகிஸ்தானுடன் செய்த தாஷ்கண்ட் உடன்பாட்டின்படி இரு படைகளும் 1965 ஆகஸ்ட் 5-க்கு முந்தைய நிலைகளுக்குத் திரும்பியதையும், காஷ்மீரில் பிடித்த ஹாஜி பீர் கணவாயை விட்டுக்கொடுத்ததையும் விடுவது நேர்மையாகாது.

விவசாயக் கணக்கு

"நேரு தொழிற்சாலை கட்டினார், சாஸ்திரி விவசாயியைப் பார்த்தார்" என்பது பாதி உண்மை. 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் பாசனத்துக்கும் வேளாண்மைக்கும்தான் முன்னுரிமை தந்தது. கனரகத் தொழில் முன்னுக்கு வந்தது 1956-இல் இரண்டாவது திட்டத்தில். விதை, உரம், கடன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-61-இல் ஏழு மாவட்டங்களில் ஆரம்பமானது; தஞ்சாவூர் அவற்றில் ஒன்று. குட்டை ரகக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக் இந்தியா வந்தது 1963-இல், நேரு இருந்தபோது.

சாஸ்திரி மாற்றியது வேறு. எஃகுத் துறையைப் பார்த்துவந்த சி. சுப்பிரமணியத்தை உணவு, வேளாண்மைத் துறைக்குக் கொண்டுவந்தார். உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் விளைச்சல் கூடும் என்ற சுப்பிரமணியத்தின் வாதத்தை நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார், சாஸ்திரி சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் வந்தன. கொள்கைத் திருப்பம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டவேண்டும். ஒப்பிட்டு எழுதுபவர்களில் பலர் இதை விட்டுவிட்டு 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்' முழக்கத்தோடு முடித்துக்கொள்வது வருத்தமான விஷயம்.

அடுத்து, ஓராண்டுப் புள்ளிவிவரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. உணவு தானிய விளைச்சல் 1964-65-இல் சுமார் 8.9 கோடி டன். 1965-66-இல் சுமார் 7.2 கோடி டன். முதல் எண்ணை எடுத்தால் சாஸ்திரி சாதனையாளர், இரண்டாவதை எடுத்தால் தோல்வியாளர். இரண்டிலும் பெரும்பங்கு மழைக்குத்தான்: முதலாண்டு நல்ல பருவம், அடுத்தது கடும் வறட்சி. ஐந்தாண்டுச் சராசரி போட்டுப் பாருங்கள். மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது 1966-இல், அமோக விளைச்சல் 1967-68-இல். இரண்டும் இந்திரா காந்தி காலம். ஆக முதல் முயற்சி, கொள்கை முடிவு, பலன் மூன்றும் மூன்று பிரதமர்களின் ஆட்சியில் பரவிக் கிடக்கின்றன.

பட்ஜெட்டிலும் இதே கவனம் தேவை. 1964-65 பட்ஜெட் நேரு உயிரோடு இருந்தபோது தாக்கலானது. 1966-67 பட்ஜெட் சாஸ்திரி மறைந்த பிறகு வந்தது. சாஸ்திரி அரசு வகுத்த முழு ஆண்டு பட்ஜெட் 1965-66 ஒன்றுதான்.

சாஸ்திரியை வெளியாளாகப் பார்ப்பது

அவர் நேருவின் அமைச்சரவையிலேயே வளர்ந்தவர். 1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் அவர் ராஜினாமா செய்ததைச் சொல்பவர்கள், அடுத்த ஆண்டே அவரை மீண்டும் அமைச்சராக்கியவர் நேரு என்பதைச் சொல்வதில்லை. மொழிப் பிரச்சினையில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959-இல் உறுதி தந்தவர் நேரு. அந்த உறுதிக்குச் சட்டத்தில் உரிய பிடிமானம் இல்லை என்று தமிழகம் எதிர்த்த 1963 ஆட்சிமொழி மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சாஸ்திரி. இந்தி ஒரே ஆட்சிமொழியாக இருந்த நாளான 1965 ஜனவரி 26-ஐ ஒட்டி சென்னை மாகாணம் கொந்தளித்தது. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அதன் பிறகே நேருவின் உறுதிமொழியைக் காப்பதாக சாஸ்திரி வானொலியில் அறிவித்தார். சட்டத் திருத்தம் வந்தது 1967-இல், இந்திரா காலத்தில். இதில் ஒருவரை நல்லவராகவும் மற்றவரைக் கெட்டவராகவும் பிரிக்க வழியே இல்லை.

நேருவின் கொள்கையிலிருந்து சாஸ்திரி உண்மையிலேயே விலகிய இடத்தைத் தேடுபவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். மலையகத் தமிழர் இலங்கையின் பொறுப்பு, தாமாக விரும்பிப் பதிவு செய்பவர்களையே இந்தியா ஏற்கும் என்பது நேருவின் நிலை. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் சாஸ்திரி செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாயிற்று, மிச்சம் 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளத் தள்ளிவைக்கப்பட்டார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

தலைமைப் பாணி

நேரு வெளியுறவுத் துறையைக் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார். சாஸ்திரி ஆறு வாரங்களுக்குள்ளேயே ஸ்வரண் சிங்கிடம் கொடுத்தார். இதை மட்டும் வைத்து அவரைப் பலவீனமானவர் என்று எழுதக்கூடாது. எல்.கே. ஜாவைச் செயலாளராக அமர்த்திப் பிரதமர் செயலகத்தை வலுப்படுத்தியவரும் அவரே. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நேருவுக்கு எதிராக ஒன்று, சாஸ்திரிக்கு எதிராக மூன்று. எண்ணிக்கையைச் சொல்லும்போது உணவுப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் அந்த 19 மாதங்களில் வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தேர்தல் முடிவை அளவுகோலாக்கவும் முடியாது. பிரதமராக சாஸ்திரி ஒரு பொதுத்தேர்தலையும் சந்திக்கவில்லை. மக்களவையில் காங்கிரஸ் 1962-இல் 361 இடங்களிலிருந்து 1967-இல் 283-க்கு இறங்கியது. இடையில் இரண்டு வறட்சிகள், 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, மூன்றாவதாக ஒரு பிரதமர்.