சைன் அலைக்குக் கவராயம் எதற்கு?

சைன் வரைபடம் வரையச் சொன்னதும் பையன் கவராயத்தை எடுத்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டுக்கு மேலே ஒரு அரைவட்டம், கீழே ஒரு அரைவட்டம், மறுபடி மேலே ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "வட்டத்துல இருந்துதானே சார் சைன் வருது?" என்று விளக்கம் வேறு. திட்ட வாய் வரவில்லை. அவன் வயதில் நானும் இதையேதான் வரைந்தேன், அதுவும் ஒரு வருடம் முழுக்க.

குறியை மாற்றிப் போடுவது, அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் பார்ப்பது மாதிரியான சில்லறைப் பிழைகளை இங்கே எடுக்கப் போவதில்லை. அவை எல்லோருக்கும் வரும், பழகப் பழகப் போய்விடும். எவ்வளவு பழகினாலும் போகாத சில தவறுகள் இருக்கின்றன. எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையே பெரும்பாலும் அவற்றோடுதான்.

## இரண்டு கிடை அச்சும் ஒன்றுதான் என்று நினைப்பது

பெரிய தவறு இதுதான். அரைவட்டம் வரைவதெல்லாம் இதன் அறிகுறி.

அலகு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 1. வலது ஓரத்துப் புள்ளியில் ஒரு எறும்பை விடுங்கள், அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டத்தின் விளிம்பிலேயே நடக்கட்டும். நடுக்கோட்டிலிருந்து எறும்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது சைன். மையத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அது கொசைன். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். செங்குத்து அச்சில் இருப்பது எறும்பின் உயரம், அதில் மாற்றமில்லை. ஆனால் கிடை அச்சில் இருப்பது எறும்பு பக்கவாட்டில் தள்ளி நிற்கும் தூரம் இல்லை, அது இதுவரை நடந்து வந்த தூரம். ரேடியன் என்பது விளிம்பில் நடந்த தூரத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளப்பது. ஆரம் 1 என்பதால் நடந்த தூரமும் ரேடியனில் அளந்த கோணமும் ஒரே எண். வட்டத்தின் கிடை அச்சு வேறு, வரைபடத்தின் கிடை அச்சு வேறு. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்திருப்பார்கள், படிக்கிறவன் என்ன செய்வான்?

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், உயரத்தைப் பக்கவாட்டுத் தூரத்துக்கு எதிராகக் குறித்துப் பாருங்கள். அதே வட்டம்தான் திரும்ப வரும். உயரத்தை நடந்த தூரத்துக்கு எதிராகக் குறித்தால்தான் அலை வரும். கவராயத்தை எடுக்கிறவர்கள் பாதி இதையும் பாதி அதையும் கலந்துவிடுகிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வட்டம் வலப்பக்கம் 1 வரைதான் போகிறது, வரைபடம் மட்டும் எப்படி 6.28 வரை போகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. எதையோ இழுத்து நீட்டிவைத்திருக்கிறார்கள் போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் வகைக்கெழு வந்தது, அதாவது வளைகோடு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சாய்வாக ஏறுகிறது என்ற கணக்கு. சைனின் வகைக்கெழு கொசைன், 0-இல் கொசைன் மதிப்பு 1, ஆக அலை கிளம்பும் இடத்தில் சாய்வு 1, அதாவது 45° கோணத்தில் ஏற வேண்டும். என் படத்திலோ அரைவட்டம் சுவர் மாதிரி செங்குத்தாகக் கிளம்பியது. இரண்டும் ஒத்துவரவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை, சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். பரீட்சையில் ஆதிப்புள்ளியில் சைன் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரையச் சொன்னார்கள், ஸ்கேலை நிமிர்த்தி வைத்து நேர்ச் செங்குத்தாக ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். போன மதிப்பெண்ணை மறந்துவிட்டேன். இன்றைக்கும் எரிச்சல் தருவது வேறு: அந்த வருடம் முழுக்க என் அரைவட்டப் படங்களுக்கெல்லாம் 'சரி' என்று டிக் விழுந்திருந்தது. கோட்டை வெட்டும் இடங்கள் சரியாக இருந்தனவாம்.

அரைவட்டம் ஏன் பொருந்தாது என்பதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். உயரம் 1 உள்ள அரைவட்டத்தின் அகலம் 2. சைன் அலையின் ஒரு மேட்டுக்கும் உயரம் 1தான், ஆனால் அகலம் 3.14. இரண்டு அச்சிலும் ஒரே அளவு வைத்தால் எந்தக் கவராயமும் அதை வரையாது. இடம் பற்றவில்லை என்று படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் போடும் புத்தகங்கள்தான் இந்த உண்மையை மறைக்கின்றன.

எண்களையும் பாருங்கள். 0°-இலிருந்து 30° வரை நடந்தால் எறும்பு 0.5 உயரம் ஏறுகிறது. அடுத்த 30°-இல் 0.366. கடைசி 30°-இல் வெறும் 0.134. நடை அதே நடைதான். கிளம்பும்போது அது நேராக மேல்நோக்கிப் போகிறது, வைக்கிற ஒவ்வொரு அடியும் உயரமாகிறது. உச்சியை நெருங்கும்போது அநேகமாகப் பக்கவாட்டில்தான் நகர்கிறது, அடி வைத்தும் உயரம் கூடுவதில்லை. வகைக்கெழு கொசைன் என்று மனப்பாடம் செய்தது இந்த நடையைத்தான்.

ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் செய்யுளாகக் கொடுத்த அட்டவணையிலும் இதே நடை தெரியும். வட்டத்தின் சுற்றளவை 21600 கலைகளாகப் பிரித்து (ஒரு டிகிரிக்கு 60 கலை), அதே கலையால் ஆரத்தையும் அளந்து 3438 என்று வைத்தார். வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால் அளப்பது, இன்றைய ரேடியனின் யோசனையும் அதுதான். கால் வட்டத்தை 225 கலைகள் கொண்ட 24 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் உயரம் எவ்வளவு கூடுகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார்: 225, 224, 222, 219... இப்படியே இறங்கி, கடைசியில் 37, 22, 7. முதல் துண்டில் 225 நடந்தால் 225 ஏற்றம், சாய்வு 1. கடைசித் துண்டிலும் அதே 225 நடை, ஏற்றம் 7. முதல் எட்டைக் கூட்டினால் 1719, அதாவது 3438-இல் சரிபாதி, நம் சைன் 30°. அவர் சைனைச் சொன்ன சொல் 'ஜ்யா', வில்லில் கட்டும் நாண். நாமும் வட்டத்தில் வில், நாண் என்றுதானே சொல்கிறோம். அந்த நாணில் பாதிதான் சைன்.

சரி, பையனுக்கு வருவோம். 5 செ.மீ. ஆரத்தில் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, 30°-க்கு ஒரு புள்ளியாக 12 புள்ளிகள் வைக்கச் சொன்னேன். விளிம்பைச் சுற்றி ஒரு நூல், புள்ளி வரும் இடமெல்லாம் நூலில் பேனாவால் ஒரு மை. நூலைப் பிரித்துக் கிராஃப் தாளில் நேராக நீட்டினால் 31.4 செ.மீ., மைக்கு மை ஏறக்குறைய 2.6 செ.மீ. ஒவ்வொரு மைக்கும் மேலே, வட்டத்தில் அந்தப் புள்ளியின் உயரத்தை அளந்து குறிக்க வேண்டும்: 0, 2.5, 4.3, 5, பிறகு அதே எண்கள் தலைகீழ் வரிசையில் இறக்கம். புள்ளிகளைக் கையால் இணைத்ததும் தன் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இது தட்டையா இருக்கே சார்" என்றான். அதேதான்.

## கால்குலேட்டர் ரேடியனில் இருப்பதைப் பார்க்காதது

சைன் 30-க்கு −0.988 வந்தால் மிஷினைத் தட்டாதீர்கள், டிகிரிக்கு மாற்றுங்கள்.

## கோணத்தை 2-ஆல் பெருக்கினால் அலை இரண்டு மடங்கு நீளும் என்பது

எறும்பு இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கிறது, சுற்று பாதித் தூரத்திலேயே முடிந்துவிடும். அலை சுருங்கும். 360° எடுத்துக்கொண்ட ஒரு சுற்று 180°-இல் அடங்கிவிடும்.

இதன் சொந்தக்காரத் தவறு ஒன்றுண்டு. கோணத்தோடு 90° கூட்டினால் அலை வலப்புறம் நகரும் என்று கூட்டல் குறியை நம்பிச் சொல்வார்கள். நகர்வது இடப்புறம். கணக்கு தொடங்கும்போதே எறும்பு 90° முன்னால் போய் உச்சியில் நிற்கிறது, அதனால் உச்சி முன்கூட்டியே வந்துவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் அலைதான் கொசைன். பெருக்கலும் கூட்டலும் ஒன்றாக வந்தால் இன்னும் கவனம்: கோணத்தை 2-ஆல் பெருக்கி 90° கழித்தால் அலை வலப்புறம் நகர்வது 45° மட்டும்.

## சைன் 0.5 என்றால் கோணம் 30° மட்டும்தான் என்பது

கால்குலேட்டர் சொன்னால் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்வதால் வருவது. தலைகீழ் சைன் −90°-க்கும் 90°-க்கும் நடுவில் இருக்கும் ஒரு விடையைத்தான் கொடுக்கும், அப்படித்தான் அதை வரையறுத்திருக்கிறார்கள். 0.5 உயரத்தில் வட்டத்தின் குறுக்கே ஒரு படுக்கைக்கோடு போட்டுப் பாருங்கள், இரண்டு இடத்தில் வெட்டும்: 30°, 150°. ஏறும்போது ஒரு தடவை அந்த உயரத்தைத் தாண்டியவன் இறங்கும்போதும் தாண்டித்தானே ஆக வேண்டும்? வரைபடத்தில் அதே கோடு முடிவில்லாமல் வெட்டிக்கொண்டே போகும்.

## சைனைக் கூட்டலுக்குள் பிரித்துப் போடுவது

30°-யும் 60°-யும் சேர்ந்தால் 90°, அதன் சைன் 1. சைன் 30°-யும் சைன் 60°-யும் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 1.366. எறும்பு வட்டத்தை விட்டுப் பறக்காது.

## 360°-யோடு வரைபடத்தை நிறுத்திவிடுவது

புத்தகத்தில் படம் அங்கே முடிவதால், சைனும் அங்கே முடிகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எறும்பு நிற்கவில்லை, அடுத்த சுற்றில் இருக்கிறது. எதிர்த்திசையில் நடக்கவிட்டால் கோணம் எதிர்மறை, அலை இடப்பக்கம் நீளும், முதலில் பள்ளத்தில் இறங்கும். பையனிடம் இதை நான் சொல்லவே இல்லை. நூலை எடுத்து வட்டத்தைச் சுற்றி இரண்டாம் முறையும் சுற்றினான், மையிட்டான், வலப்பக்கம் வரைந்துகொண்டே போனான், 450° வரும்போது கிராஃப் தாள் தீர்ந்துவிட்டது.