நவம்பர் 1-க்குள் ஓர் அமெரிக்க விண்ணப்பம்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்து சில வாரங்களிலேயே, அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதி வந்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் அது நவம்பர் 1. முடிவு டிசம்பர் நடுவில் வெளியாகும். இந்தச் சுற்றில் சேர்க்கை விகிதம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பலரும் அவசரப்படுகிறார்கள். விளையாட்டுப் பயிற்றுநர்கள் முன்பே தேர்ந்தெடுத்து வைத்தவர்களும், சில இடங்களில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அந்த விகிதத்துக்குள் அடக்கம் என்பதால், அதை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. சீக்கிரம் அனுப்பிய காரணத்தால் மட்டும் ஒரு விண்ணப்பம் தனித்துத் தெரிந்துவிடாது. பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் நீங்கள் உண்மையில் செய்திருக்கும் வேலையை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படி 1: எந்த வகை என்பதை முடிவு செய்யுங்கள்

ஏர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கொலம்பியா, கார்னெல், பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்), டியூக் போன்ற இடங்களில் இம்முறை உண்டு. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஏர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் இல்லை, எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இம்முறையையே பின்பற்றுகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை இடைப்பட்ட வழியை வைத்திருக்கின்றன: சேர வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், அமெரிக்காவின் வேறொரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டிய சுற்றில் விண்ணப்பிக்கக் கூடாது.

படி 2: பணத்தைப் பற்றி வீட்டில் முதலில் பேசுங்கள்

இந்தப் பேச்சைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு வைத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. அது தவறான வரிசை. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டுக்கான மொத்தச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத் போன்ற ஒரு சில இடங்களே, வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்கிறாரா என்பதைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. மற்ற பல இடங்களில் நீங்கள் கேட்கும் தொகையும் தராசில் ஏறும். ஏர்லி டிசிஷனில் கிடைக்கும் உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனால் வேறிடங்களில் கிடைக்கும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 3: உங்கள் வேலையின் சரட்டைக் கண்டுபிடியுங்கள்

நாகப்பட்டினத்தில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய அம்மா கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் உட்காருவது அவள் வழக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நெத்திலி, வாளை, சுறா ஆகியவற்றின் அன்றாட விலையை ஒரு நோட்டில் குறித்து வருகிறாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் இருப்பதால், அந்த மாதங்களுக்கு எவ்வளவு சரக்கை எப்போது வாங்கி வைப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்தே வீட்டில் முடிவு செய்கிறார்கள். அவளிடம் கேட்டால், "இதெல்லாம் எழுதலாமா? நான் ஒரு மாடல் யு.என். (மாணவர்கள் நடத்தும் மாதிரி ஐ.நா. சபை) மாநாட்டுக்குப் போயிருக்கிறேன், அதை எழுதுகிறேன்" என்பாள்.

அந்த நோட்டைத்தான் எழுத வேண்டும். மாநாட்டுச் சான்றிதழ் ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கும். பொருளாதாரம் படிக்க விரும்பும் ஒருத்தி மூன்று ஆண்டு விலைக் குறிப்பைத் தானே சேர்த்து, அதை வைத்து ஒரு முடிவும் எடுத்திருப்பது அரிது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படி எது இருக்கிறது என்று தேடுங்கள். புதிதாக ஓர் அறக்கட்டளை தொடங்குவதற்கு ஆகஸ்ட் மாதம் ஏற்ற நேரம் இல்லை.

படி 4: செயல்பாட்டுப் பட்டியலை எண்ணி எழுதுங்கள்

பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் இணையதளமான காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கிறது. அதில் பத்துச் செயல்பாடுகள் வரை தரலாம். ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள் மட்டுமே இடம். வீட்டு வேலையும் கடை வேலையும் செயல்பாடுகளாகவே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

அந்த மாணவியின் முதல் வரைவு இப்படி இருக்கும்: "குடும்பத் தொழிலில் ஆர்வத்துடன் பங்கேற்று, தலைமைப் பண்பையும் பொறுப்புணர்வையும் வளர்த்துக்கொண்டேன்." இதில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் போடலாம். திருத்திய பிறகு: "அம்மாவின் கருவாட்டுக் கடை. மூன்று ஆண்டு அன்றாட விலைக் குறிப்பு. 61 நாள் தடைக்காலத்துக்கான இருப்பை அதைக் கொண்டு கணக்கிட்டேன்." ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே முறைதான்: பண்புப் பெயர்களை நீக்கிவிட்டு, எண்ணையும் பொருளையும் வினையையும் வையுங்கள்.

படி 5: கட்டுரையும் சிறு விடைகளும்

முதன்மைக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள் வரை இருக்கலாம். பட்டியலில் சொன்னதையே நீட்டி எழுதாமல், அங்கே சொல்ல இயலாத ஒன்றை இங்கே சொல்லுங்கள். தன் கணக்குத் தவறிய ஓர் ஆண்டைப் பற்றி, விற்காமல் தங்கிப்போன நெத்திலி மூட்டைகளைப் பற்றி, அதன்பின் நோட்டில் எதையெல்லாம் சேர்த்துக் குறிக்கத் தொடங்கினாள் என்பதைப் பற்றி அவள் எழுதலாம். தவறிய கணக்கை விளக்கும்போதுதான் ஒருவர் சிந்திக்கும் விதம் வெளிப்படுகிறது.

எம்.ஐ.டி. காமன் ஆப்பைப் பயன்படுத்துவதில்லை. சொந்த விண்ணப்பத்தில் பல சிறு கேள்விகளைக் கேட்கிறது. பல பல்கலைக்கழகங்கள் "எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றும் கேட்கும். அழகான வளாகம், உலகத்தரம் என்று எழுதினால் வீண். வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்பதைக் களத்தில் சோதித்துப் பார்க்கும் ஜே-பால் ஆய்வு மையம் 2003-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பட்டது, தமிழ்நாடு அரசோடும் அது இணைந்து பணியாற்றியிருக்கிறது. நம் மாணவிக்கு அது நேரடியான தொடர்பு. ஒரு பேராசிரியரின் பெயரைக் குறிப்பிடுவதாக இருந்தால், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஆசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே கேளுங்கள்

பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும். ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியராகவும், மற்றவர் மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியராகவும் இருப்பதை எம்.ஐ.டி. விரும்புகிறது. பள்ளியின் சார்பில் கவுன்சலர், அதாவது மாணவர்களுக்கான ஆலோசகர், நிரப்ப வேண்டிய படிவமும் உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் அப்படித் தனியாக ஒருவர் இல்லாததால், அந்தப் படிவம் தலைமை ஆசிரியரின் மேசைக்கே போகும். வகுப்பில் நடந்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். "நன்கு படிப்பாள், ஒழுக்கமானவள்" என்ற வழக்கமான நற்சான்றிதழ் இங்கே பயன்படாது.

படி 7: அனுப்புவதும் அதன் பிறகும்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் மதிப்பெண் கேட்கும் இடமானால், அக்டோபர் தொடக்கத்துக்குள் தேர்வை முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தின் முன்தோற்றக் கோப்பை அச்செடுத்து, வேறொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்டுப்பட்ட வரிகள் அப்போது தெரிந்துவிடும். அக்டோபர் 28-க்குள் அனுப்பிவிடுவது நல்லது.

டிசம்பரில் "ஒத்திவைப்பு" என்று முடிவு வந்தால், விண்ணப்பம் பொதுச் சுற்றில் மீண்டும் பார்க்கப்படும். அரையாண்டு மதிப்பெண்ணையும், நவம்பருக்குப் பிறகு புதிதாகச் செய்த ஒன்றையும் சேர்த்து, அந்தப் பல்கலைக்கழகம் சொல்லும் வழியில் ஒரு பக்கத்துக்குள் அனுப்புங்கள். பொதுச் சுற்றின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்திலேயே வந்துவிடுவதால், மற்ற பல்கலைக்கழகங்களுக்கான விடைகளை டிசம்பர் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள்; அந்த மூன்று வாரத்தில் அரையாண்டுத் தேர்வும் குறுக்கிடும்.