கை நுழையாத இடத்தில் ஃபாக் லைட்: பல்பை நீங்களே மாற்றுவது எப்படி?

"ஃபாக் லைட் பல்பு மாற்றணும்னா பம்பரைக் கழற்றணும் சார்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். (ஃபாக் லைட் என்பது பனிமூட்டத்தில் பாதை தெரிய முன் பம்பரில் இருக்கும் விளக்கு.) சில மாடல்களில் அது உண்மைதான். ஆனால் பல கார்களில் முன் டயருக்கு எதிரே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகட்டை, அதாவது லைனரை, கொஞ்சம் விலக்கினாலே விளக்கின் பின்பக்கம் கைக்கு எட்டிவிடும். வேறு சிலவற்றில் பம்பருக்கு அடியிலிருந்து கை விட வேண்டும். உங்கள் வண்டியில் எந்த வழி என்பது காரோடு கொடுத்த கையேட்டில் பல்பு மாற்றும் பகுதியில் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

படி 1: போனது பல்புதானா?

பார்க்கிங் லைட் எரிந்தால்தான் பல கார்களில் ஃபாக் லைட் எரியும். அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு, இல்லையேல் அதன் கப்ளர், அதாவது பல்பில் செருகும் ஒயர் முனை. இரண்டு பக்கமும் இல்லையென்றால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு மின் சுவிட்ச்). இதைப் பார்க்காமல் லைனரைக் கழற்றுவது வீண் வேலை.

படி 2: சரியான பல்பு

எச்-8, எச்-11, எச்-16 மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முறையே 35, 55, 19 வாட்ஸ். பழைய பல்பின் அடியிலோ கையேட்டிலோ உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். வெளிச்சம் கூடட்டும் என்று அதிக வாட்ஸ் போட்டால் பிளாஸ்டிக் உருகும், ஒயர் சூடாகும். ஹாலஜன் விளக்குக்குள் எல்இடி செருகுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. ஹாலஜன் பல்புக்குள் எரியும் கம்பி இழை இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் பிறக்காவிட்டால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைத்தான் அடிக்கும்.

படி 3: வண்டியை நிறுத்துதல்

சமதரை, ஹேண்ட் பிரேக், விளக்கு ஆறும்வரை பொறுமை. வலது விளக்கு என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள், இடது விளக்குக்கு வலப்பக்கம். டயரின் முன்பகுதி உள்ளே போய், லைனருக்கு எதிரே இடம் கிடைக்கும். பிறகு இன்ஜினை அணைத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம்.

படி 4: கிளிப்புகள்

எரிச்சல் தொடங்கும் இடம் இதுதான். லைனரை ஸ்டார் ஸ்க்ரூக்களும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் பிடித்திருக்கும். கிளிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நடு ஆணியைச் சற்றே உள்ளே அழுத்தினால் பிடி விடும். இன்னொன்றில் ஆணியை நெம்பி வெளியே இழுக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் பலம் காட்டினால் உடையும். மண் ஏறிக் கெட்டித்திருந்தால் முதலில் தண்ணீர் அடித்து பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை, பம்பர் பக்கத்தில் உள்ளவை போதும். லைனரை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தால் கை நுழையும். கிளிப் எப்படியும் ஒன்றிரண்டு உடையும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

படி 5: கண்ணால் பார்க்காமல் கழற்றுதல்

உள்ளே கை போனால் கண் போகாது. டார்ச் போட்டு, போனை உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுங்கள். கப்ளரின் பூட்டு எந்தப் பக்கம் என்று அதில் தெரிந்துவிடும். பூட்டை அழுத்துவதற்கு முன் கப்ளரைப் பல்பை நோக்கி லேசாகத் தள்ளுங்கள், இறுக்கம் தளரும். பிறகு பூட்டை அழுத்தியபடி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பல்பை இடச்சுற்றாகக் கால் சுற்று திருப்பினால் வெளியே வரும். பக்கத்தில் ஒரு திருகு தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். அது ஒளியின் உயரத்தைச் சரிசெய்வதாக இருக்கலாம். வாஷர் தண்ணீர் டேங்க் இருக்கும் பக்கத்தில் இடம் இன்னும் குறைவு. இரண்டும் மாற்றுவதாக இருந்தால் மற்றப் பக்கத்தில் கை பழகிவிட்டு அங்கே வாருங்கள்.

படி 6: புதியதை மாட்டுதல்

பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி, ஆயுள் குறையும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பல்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளும் ஒரே அளவில் இருக்காது, ஒரே ஒரு வாட்டத்தில்தான் உட்காரும். அந்த வாட்டத்தை வெளியில் வைத்தே கண்ணால் பழகிக்கொண்டு உள்ளே கொண்டுபோங்கள். ரப்பர் வளையம் முழுதாக அமரும்படி அழுத்தி, வலச்சுற்றாகத் திருப்பி, கப்ளரை 'டிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளுங்கள். வளையம் சரியாக உட்காராவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும்.

லைனரை மூடும் முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் மட்டும் கிளிப்புகளுக்குப் போங்கள். அழுத்தும் வகை என்றால் நடு ஆணியைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே நீட்டவிட்டு, துளையில் செருகி, மட்டமாகும்வரை அழுத்த வேண்டும். கடைசியாக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் லைனரில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.