பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: சறுக்கும் இடங்கள்

மேலூரில் இருக்கும் என் அக்கா மகன் பரணிலிருந்து ஒரு மடிக்கணினியை இறக்கி எடுத்து வந்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுடைய அண்ணனுக்குக் கிடைத்தது. 2 ஜிபி ரேம் (ஓடும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம்), சுழலும் ஹார்டு டிஸ்க். "மாமா, இருப்பதிலேயே லேசான லினக்ஸ் எது?" என்று கேட்டான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்; அதில் பல வகைகள் உண்டு. அவன் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது.

எதையும் திறக்காமல் சும்மா வைத்திருந்தால் பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற லேசான வகைகள் சில நூறு எம்பி ரேமோடு அடங்கிவிடும். அதைப் பார்த்து மயங்குகிறோம். பிரவுசரைத் திறந்து யூடியூப், மின்னஞ்சல், செய்தித்தளம் என்று மூன்றை ஓடவிட்டால் அதுவே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். எந்த லினக்ஸைப் போட்டாலும் பிரவுசரின் பசி அதேதான். வண்டியை எவ்வளவு இளைக்க வைத்தாலும் ஏற்றுகிற நெல்மூட்டை இளைக்காது. ஆகவே மடிக்கணினியில் என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரைமுகப்பு கொண்ட பதிப்பு போதும். அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை. 2 ஜிபி என்றால் லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ். அப்போதும் இன்னொரு ரேமும் சுழலும் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு சிறிய எஸ்எஸ்டியும் போடுவது எந்த லினக்ஸையும்விட அதிகம் உதவும். ரேம் வாங்க மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போகும் முன் பழைய ரேமைக் கழற்றி, அதில் டிடிஆர்3 என்றிருக்கிறதா, டிடிஆர்3எல் என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவில்தான் இருக்கும், மின்னழுத்தம் வேறு.

லினக்ஸின் பெயரைவிட டெஸ்க்டாப் எனும் திரைமுகப்பு முக்கியம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப்போடு திணறும் அதே உபுண்டு, லேசான எல்எக்ஸ்க்யூடியோடு எழுந்து நடக்கும்.

பழையது என்றாலே 32 பிட் சிப் (64 பிட் லினக்ஸ் ஓடாத பழைய வகை) என்று நினைப்பது அடுத்த தவறு. 2006-இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட்தான். தொடக்க கால ஆட்டம் சிப் போட்ட சில நெட்புக்குகள் (சிறிய மடிக்கணினிகள்) போன்றவைதான் உண்மையில் 32 பிட்டோடு நின்றுபோனவை. அவற்றுக்குத் தேர்வு சுருங்கிவிட்டது: பல லினக்ஸ்களுக்கு அடிப்படையான டெபியனில், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவியே கிடையாது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 அங்கே கைகொடுக்கும்.

காலி (Kali) லினக்ஸைப் பற்றி ஒரு வரி. அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது. கல்லூரித் தம்பிகள் அதைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்க ஏன் பாடுபடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்காமல் நிறுவிவிடுவதும் உண்டு. வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் மூன்றையும் நிறுவும் முன்பே சோதித்துவிடலாம்; குறிப்பாக பிராட்காம் வைஃபை சிப் பலவற்றுக்குத் தனி டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டும். செத்த பேட்டரியோடு, மின்தடை நாளில் நிறுவத் தொடங்காதீர்கள். டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் தேர்வை அழுத்தும் முன் படங்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். அழுத்திய பிறகு நினைவுக்கு வந்து, வீட்டுக் காதணி விழாப் படங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

தமிழ்த் தட்டச்சை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். தமிழ் எழுத்துருப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் எழுதுபவருக்கு அதோடு வேலை முடிந்தது. அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைக்காரரின் கதை வேறு. அவருடைய இருபது வருட வேலையெல்லாம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளில் கிடக்கிறது. பேஜ்மேக்கர் லினக்ஸுக்கு வந்ததே இல்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் (Wine) வழியாக ஓட்டலாம் என்பார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் கடைவாசலில் ஆள் நிற்கும்போது அந்தச் சோதனை வேண்டாம். பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவும் லினக்ஸோடு ஒத்துழைக்க மறுக்கும்.

அப்படி ஒரு கடைக்காரர் கேட்டபோது லினக்ஸே வேண்டாம் என்றேன். பழைய விண்டோஸை அப்படியே விட்டு, இணையத்தைத் துண்டித்துவிடச் சொன்னேன். மின்னஞ்சலுக்கும் பில் கட்டவும் அக்கா மகனுடையதைப் போல ஒரு லுபுண்டு மடிக்கணினி பக்கத்தில் இருக்கட்டும் என்றேன்.